பெயர் வெட்டிய தட்டு

மார்ச் 3, செவ்வாய்

கடையில் என் தையல் மிஷினின் மோட்டார் புகைந்துவிட்டது. மூன்று பேண்ட்டுக்குத்தான் கால் மடித்திருந்தேன், இன்னும் எட்டு கிடக்கிறது. மெக்கானிக் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். அதுவரை மதியத்தோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள் முதலாளியம்மா. சம்பளம் வெட்டுவாளா என்று கேட்க வாய் வரவில்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால், மேசையில் பஸ்காரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். (என் கொழுந்தன் பெண்டாட்டி. டவுன் பஸ் ஓட்டுகிறாள். பஸ்காரி என்பதெல்லாம் இந்த நோட்டில் மட்டும்தான், நேரில் "கண்ணு", "தங்கம்" எல்லாம் உண்டு.) கொழுந்தன் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். ரொட்டி பேக்கரியில் அவருக்கு விடியற்காலை வேலை, மதியம் வீட்டில்தான் இருப்பார். சரி, பரிமாறட்டும்.

அவள் எழுந்து கை கழுவப் போனாள். அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அதே தட்டை இழுத்தார். அவள் ஒதுக்கி வைத்திருந்த கறிவேப்பிலையை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, சோற்றைப் போட்டு, ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

ஒரு ஆம்பிள்ளை. பெண்டாட்டி சாப்பிட்ட தட்டில்.

"வாங்க அண்ணி, சாப்பிடறீங்களா?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. கடையில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். சாப்பிடவில்லை.

மார்ச் 4, புதன்

இன்றும்.

மார்ச் 7, சனி

அருவருப்பு என்று நான்கு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுவோம். அருவருப்பு இல்லை. வயிற்றெரிச்சல்.

இந்த வீட்டு முறை இதுதான்: புருஷன் சாப்பிட்டு எழுந்த தட்டில் பெண்டாட்டி சாப்பிட வேண்டும். அத்தை அப்படித்தான் வாழ்ந்தார், கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வரும்போது பெட்டியில் அதையும் எடுத்து வந்தார். பெட்டியில் என்று சும்மா சொல்லவில்லை. கனமான மூன்று எவர்சில்வர் தட்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் வெட்டியிருக்கும். ஒன்று மாமாவுக்கு, ஒன்று இவருக்கு, ஒன்று கொழுந்தனுக்கு. மாமா போய் ஆறு வருடம் ஆகிறது, அத்தை இன்றும் அவர் தட்டில்தான் சாப்பிடுகிறார். என் மகளுக்கு முயல் படம் போட்ட பிளாஸ்டிக் தட்டு. எனக்கு இவர் சாப்பிட்டு எழுந்த தட்டு.

பதினாலு வருடம். நான் குறையாக நினைத்ததே இல்லை. அதில் ஒரு பெருமைகூட இருந்தது. இடது ஓரத்தில் மிளகாயை ஒதுக்கியிருந்தால் வயிறு சரியில்லை. பொரியல் பாதி அப்படியே கிடந்தால் கிடங்கில் சூப்பர்வைசரோடு சண்டை. துடைத்து வைத்திருந்தால் சந்தோஷம். வாய் திறந்து இவர் சொல்லாததையெல்லாம் தட்டுதான் எனக்குச் சொல்லும்.

நான் எதை ஒதுக்குவேன் என்று இவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்து, நான் சாப்பிட்டு இவர் பார்த்ததே கிடையாது. நான் உட்காரும்போது இவர் டிவி முன்னால்.

பஸ்காரிக்குக் கறிவேப்பிலை பிடிக்காது. அது அவள் புருஷனுக்குத் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் தலைவலி என்று பொய் சொன்னேன். மாத்திரை போட வேண்டும், முதலில் சாப்பிட்டுவிடுகிறேன் என்றேன். இவர் குளித்துக்கொண்டிருந்தார். இவருடைய தட்டை எடுத்து, சோற்றைப் போட்டு, நிதானமாகச் சாப்பிட்டேன். முருங்கைக்காய்ச் சக்கையை ஓரமாக அழகாக அடுக்கினேன். பிறகு தட்டை இவர் இடத்தில் வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு அடுப்பு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

துண்டோடு வந்து உட்கார்ந்தார்.

"என் தட்டுல யாரு சாப்பிட்டது?"

"நான்தான். மாத்திரைக்காக."

"எச்சத் தட்ட அப்படியேவா வெப்ப? எடு, எடு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாற்காலியில் ஈரத் துணி கிடந்தால் எடுக்கச் சொல்வாரே, அந்த மாதிரி. எடுத்தேன். கழுவினேன். துடைத்து வைத்தேன். சோறு போட்டேன். சாப்பிட்டார். எழுந்தார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு நான் அதே தட்டில்தான் உட்கார்ந்தேன். இவர் சாப்பிட்டு எழுந்தது. என்னாலே விழுங்க முடியல. நான் சாப்பிட்டா எச்சில், அப்போ பதினாலு வருஷமா நான் சாப்பிட்டது என்னவாம்? பிரசாதமா?

மார்ச் 16, திங்கள்

ஒரு பேண்ட்டை இரண்டு அங்குலம் அதிகமாக வெட்டிவிட்டேன். முதலாளியம்மா பார்ப்பதற்குள் கீழே பட்டி வைத்துத் தைத்துச் சமாளித்தேன். எச்சில், எச்சில் என்று மிஷின் ஓடுகிறது.

மார்ச் 21, சனி

பஸ்காரிக்கு இன்று லீவு. காலையில் சமையலறைக்கு வந்து, "அக்கா, கொஞ்சம் உக்காருங்க, இவரு காபி போடுவாரு" என்றாள். இவரு! வாய்க்கு வாய் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள், எனக்காக "இவரு" போட்டிருக்கிறாள்.

"ஆம்பளைங்க போட்ட காபி எனக்கு எறங்காது கண்ணு" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு மாடியில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று நினைத்துப் படிக்கட்டில் பாதி ஏறி நின்று கேட்டேன். ஏதோ பயணி ஒருவன் பஸ்ஸில் பல்செட்டை விட்டுவிட்டுப் போன கதை. அந்தக் கதைக்கு நானும் சிரித்திருப்பேன். அதுதான் ரொம்ப எரிச்சலாக இருந்தது.

மார்ச் 28, சனி

கொழுந்தனிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தார் (அவள் சீருடை!).

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஏன் அவ தட்டுல சாப்பிடறீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். "ஏன் அண்ணி, நம்ம வீட்டு வழக்கம்தானே? ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டுதலா இருக்கும்னு அம்மா சொல்லுவாங்களே. அவ காலைல நாலு மணிக்குப் போயிட்டு கொலைப் பசியோட வர்றா. அதான் அவ மொதல்ல."

கேலி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இந்த மனுஷன் உண்மையிலேயே குடும்ப வழக்கத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். யாருக்குப் பசியோ அவர் முதலில் என்று அதற்குள் தானாக ஒரு திருத்தம் செய்துகொண்டார், அவ்வளவுதான்.

அதே அம்மா. அதே வழக்கம். அண்ணனும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். எனக்கு அண்ணன் வாய்த்தார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வத்தி வைத்துவிட்டேன்.

அத்தை மத்தியானம் மூன்று மணிக்கு எப்போதும் தூங்குவார், அதனால் சின்னவர் கல்யாணமாகி நான்கு மாதமாகியும் அவர் கண்ணில் இது படவே இல்லை. இன்று அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, நான் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஆரம்பித்தேன். "சின்னவர் பாவம் அத்தை. எல்லாம் நல்லாத்தான் செய்றாரு. ஆனா பொண்டாட்டி எச்சில் தட்டுல அவர் சாப்பிடறதப் பாத்தா எனக்கே மனசு கேக்கல."

அத்தை காலை இழுத்துக்கொண்டார். "என்ன சொன்ன?"

திரும்பச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன். வயிறு குளிர்ந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

எல்லோரும் இருந்தார்கள். பஸ்காரி படுக்கப் போகிறவள், பால் டம்ளரோடு படிக்கட்டில் நின்றாள்.

"என் வயித்துல பொறந்தவன் பொண்டாட்டி எச்சிலத் தின்னறானா? உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு" என்று அத்தை அழுதார். மாமா ஆறு வருடம் முன்பு அமைதியாக ஆஸ்பத்திரியில்தான் செத்தார், ஆனால் அதைச் சொல்லும் நேரமா அது?

இவரும் சேர்ந்துகொண்டார். "வீட்டுக்குன்னு ஒரு முறை இருக்குல்லடா?"

கொழுந்தன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிம்மா, இனிமே இல்ல" என்றார். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

யார் சொன்னது என்று யாருமே கேட்கவில்லை. பஸ்காரி மட்டும் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படியேறிப் போனாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

வீடு பார்த்துவிட்டார்களாம். பஸ் டெப்போ பக்கத்தில், ஒரு அறை, ஒரு சமையலறை. 26ஆம் தேதி போகிறார்கள். "அவளுக்கு வேலைக்குப் போக வசதி" என்று கொழுந்தன் அத்தையிடம் சொன்னார். அத்தை நம்பினார். நம்ப வேண்டும் என்று நம்பினார்.

நான் கேட்டது இதையா? நான் கேட்டது கொழுந்தன் அவள் தட்டில் சாப்பிடுவதை நிறுத்தட்டும் என்றுதானே. யாரையும் போகச் சொல்லவில்லையே நான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

போய்விட்டார்கள். ஐந்து பெட்டி, ஒரு மெத்தை, ஒரு செடி.

நான் பாத்திரங்களை செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது பஸ்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளும் சுற்றினாள். பிறகு, "அக்கா, நீங்கதான் சொன்னீங்கன்னு தெரியும். சண்டைக்கு வரல. ஏன்னு மட்டும் கேக்கணும்னு தோணுது" என்றாள்.

பொறாமை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான் எங்க சொன்னேன்? அத்தையே பாத்துட்டாங்க" என்றேன்.

தலையாட்டினாள். கொழுந்தன் பெயர் வெட்டிய தட்டைச் சுற்றி, பெட்டியில் தானே வைத்துக்கொண்டாள். தட்டு ஸ்டாண்டில் இப்போது இரண்டுதான் நிற்கிறது.

மே 9, சனி

மத்தியானச் சமையல், அத்தையின் டாக்டர், குப்பை, மாடிப் படிக்கட்டைத் துடைப்பது. இதெல்லாம் அந்த மனுஷன் சத்தமில்லாமல் பண்ணிக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது. கடையில் இருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை "சாதம் வெச்சிட்டியா?" என்கிறார். என் வாய்க்கு நல்ல பரிசு.

மகள் கேட்கிறாள்: "சித்தப்பா இருந்தா நீ இவ்ளோ கத்த மாட்டல்ல?"

ஜூன் 7, ஞாயிறு

கொழுந்தன் வீட்டில் சாப்பாடு. அத்தை, இவர், நான், மகள் நான்கு பேரும் போனோம், இரண்டு பஸ் மாறி.

அறை சின்னது. மேசை இன்னும் வாங்கவில்லை, தரையில் பாய். மொத்தம் நான்கு தட்டுதான் இருந்தது. "பொம்பளைங்க நாலு பேரும் மொதல்ல உக்காருங்க, நாங்க அப்புறம்" என்றார் கொழுந்தன். இவர் அத்தையைப் பார்த்தார். அத்தைக்கு முழங்கால் வலி, அதற்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாகிவிட்டது.

பரிமாற்றம் எல்லாம் கொழுந்தன்தான். கத்தரிக்காய்க் குழம்பு என் குழம்பைவிட நன்றாக இருந்தது. பொறாமைப்படக்கூட எனக்குத் தெம்பில்லை, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

முடிந்ததும் நான் சட்டென்று என் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். அங்கேயே விட்டால் அடுத்து உட்காரப் போகிறவர் இவர். எல்லோர் முன்னாலும் அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லிவிடுவார். என்னால் கேட்க முடியாது.

பஸ்காரி மகளின் தட்டோடு பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்திலேயே சொன்னேன். "நான்தான் சொன்னேன். பொறாமை."

"தெரியும்க்கா."

"அவ்ளோதானா?"

"எனக்கும் உங்க மேல இருந்துச்சு. நான் மூணு மணிக்குச் சாப்பிட்டுட்டு ஏழு மணிக்குப் படுத்துருவேன். எட்டு மணிக்குக் கீழ நீங்கள்லாம் சாப்பிடற சத்தம் கேக்கும். உங்க பொண்ணு சிரிக்கிறது, அத்தை இன்னும் கொஞ்சம் போடுன்னு சொல்றது. போர்வைய இழுத்து மூடிக்குவேன்."

கழுவின தட்டையே இன்னொரு தடவை கழுவினேன்.

வெளியே வந்தால், கொழுந்தன் பஸ்காரியின் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். "இனிமே இல்ல" என்றது எங்கள் வீட்டுக்கு. இது அவர் வீடு. அத்தை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ரசத்துக்கு உப்பு கம்மிடா" என்றார்.

நான் ஈரத் தட்டை இவர் முன்னால் வைத்தேன். இவர் தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பிறகு என்னை.

"கழுவ என்ன அவசரம்?" என்றார்.

திரும்பி வரும்போது இரண்டு பஸ்ஸிலும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். தட்டு ஈரமாக இருந்ததற்காகச் சொன்னாரா? இல்லை, அப்படியே விட்டிருந்தால் உட்கார்ந்திருப்பாரா? கேட்கலாம். கேட்டால், "எதச் சொல்ற?" என்பார். நிஜமாகவே மறந்துபோயிருக்கும்.

ஜூன் 9, செவ்வாய்

இல்லை. உட்கார்ந்திருக்க மாட்டார். ஈரம்தான்.

உட்கார்ந்திருப்பாரோ?

சீ, போதும். பிச்சைக்காரி மாதிரி எத்தனை நாள் ஒரு தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்?

ஜூன் 11, வியாழன்

கடைக்குப் பக்கத்தில் ஒரு சாவிக்காரன் இருக்கிறான். கள்ளச் சாவி போடுவான், நாய் கழுத்துக்குப் பெயர் வில்லை வெட்டுவான். மதிய இடைவேளையில் நல்ல கனமான எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு அவனிடம் போனேன். ஒரு சீட்டில் என் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, படம் பார்த்து வரைகிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினான். கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

யாருக்கு என்று சைகையில் கேட்டான். நாய்க்கா என்றுதான் கேட்டிருப்பான். என்னைக் காட்டினேன்.

ஜூன் 13, சனி

எட்டு மணிக்கு எல்லோருக்கும் பரிமாறினேன். பிறகு என் தட்டை எடுத்து, எனக்கும் போட்டுக்கொண்டு, இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இது யாரு தட்டு?" என்றார் இவர்.

"அடியில எழுதியிருக்கு."

அவர் பார்க்கவில்லை. அத்தைதான் கையை நீட்டி, சோறு போட்ட தட்டைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "எழுத்து சாஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். அதோடு மாமாவின் தட்டில் மோரை ஊற்றிக்கொண்டார்.

நான் சாப்பிட்டேன். சோறு சூடாக இருந்தது. இந்த வீட்டில் இவ்வளவு சூடாக நான் சாப்பிட்டதே கிடையாது. முருங்கைக்காய்ச் சக்கையை ஓரமாக அடுக்கினேன், இந்தத் தடவை யாருக்காகவும் இல்லை. இவர் தட்டில் எதை ஒதுக்கினார் என்று பார்க்க மறந்துவிட்டேன். அது மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

இவர்தான் முதலில் முடித்தார். வழக்கம்போல எழுந்தார், இரண்டு அடி நடந்தார், நின்றார். திரும்பி மேசையைப் பார்த்தார். அவர் தட்டு அங்கேயே கிடந்தது. அதில் உட்கார ஆள் இல்லை. திரும்பி வந்து அதைக் கையில் எடுத்தார். எச்சில் கையோடு, தட்டைப் பிடித்துக்கொண்டு, சமையலறை நடுவில் நின்றார்.

"இத எங்க வெக்கறது?"

கேலி இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. பதினாலு வருடம், இவருடைய சொந்த வீட்டில்.

என் வாய் நிறைய சோறு. இடது கையால் காட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் மோர் சாதம் பாக்கி இருந்தது.